வலம் வந்த ஆடு

அம்மை பதினொரு மாத யாத்திரை முடிந்து மடத்துக்குத் திரும்பிய அன்று, வைரவர் சந்நிதியின் முன்னே ஆறு ஆடுகள் வலம் வந்துகொண்டிருந்தன.

சந்நிதியை அல்ல. ஒவ்வோர் ஆடும் தான் நின்ற இடத்திலேயே தன்னைத் தானே வலப்புறமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்கள் எதையும் பார்க்கவில்லை. கழுத்தில் செவ்வரளி மாலை. முற்றத்து மண்ணில் ஆறு வட்டங்கள் குழிந்து கிடந்தன.

சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே மக்கள் கைகூப்பி நின்றார்கள்.

தாண்டவராய ஓதுவார் விரைந்து வந்து அம்மையின் திருவடியில் விழுந்து எழுந்தார். அவருக்கு அறுபத்தேழு வயது. அம்மைக்கு நாற்பத்து நான்கு. ஓதுவார் பெரிய கோயில் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பதிகம் பாடியவர். ஓய்வு பெற்றபின், தம் மகள் வயதுடைய ஒருவரைக் குருவாகக் கொண்டு அந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தையும் வைரவரையும் அவர் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் அம்மை வடக்கே சென்றிருந்தார்.

"அம்மை, தாங்கள் இல்லாத காலத்தில் இவ்விடம் அருள்வெளி ஆகிவிட்டது."

"ஆடுகள் யாருடையவை?"

"இறைவனுடையவை."

"அதற்கு முன்?"

"பூவாத்தாள் என்று ஓர் ஆட்டுக்காரி. மலைக்குக் கீழே பட்டி போட்டிருக்கிறாள். அவளுடையவை."

அம்மை கயிற்றைத் தாண்டி உள்ளே சென்றார். முதல் வேலையாக ஆறு மாலைகளையும் கழற்றினார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"அம்மை?"

"அரளி. ஆட்டுக்கு நஞ்சு."

"அவை எதையும் உண்பதில்லையே. வாயில் ஊட்டினால் இரண்டு கவளம், அவ்வளவுதான். மற்றபடி விரதம்."

அம்மை மாலைகளைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஓதுவார் அந்த மௌனத்தை இசைவாக எடுத்துக்கொண்டார். நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

சென்ற வைகாசியில் பூவாத்தாளின் ஆடு ஒன்று மந்தையை விட்டுப் பிரிந்து சந்நிதி முற்றத்துக்கு வந்தது. வந்த ஆடு போகவில்லை. நின்ற இடத்தில் வலமாகச் சுற்றிற்று. அடியவர்கள் சந்நிதியில் தம்மைத் தாமே சுற்றி வணங்குவதில்லையா, அதுபோல. ஐந்தறிவு உயிர் ஒன்று ஆன்ம வலம் வருகிறது என்று ஊர் திரண்டது. ஓதுவார் அதன் முன் அமர்ந்து நாள்தோறும் பதிகம் பாடினார். 'வலம்வரும் அடியார்' என்று அதற்குப் பெயரும் இட்டார்.

"ஆட்டுக்காரி வந்து அதைக் கேட்கவில்லையா?"

"கேட்டாள். மண்டையைக் கீறப்போகிறேன் என்று கத்தியோடு வந்தாள், அம்மை. அடியாரின் தலையில் கத்தி வைப்பதா? நான் விடவில்லை."

"பிறகு?"

"ஆடியில் அடியார் இறைவனடி சேர்ந்தார்."

"உடலை என்ன செய்தீர்கள்?"

ஓதுவாரின் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலப் பேசினார்.

"புதைக்கத்தான் குழி வெட்டினோம். அப்போது வைரவரின் நாய்கள் ஐந்தும் வந்து குழியைச் சுற்றி நின்றன. ஒன்றும் குரைக்கவில்லை. வைரவரே தம் அடியாரை ஏற்க வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. வாழையிலை விரித்து, திருநீறு இட்டு, நானே படைத்தேன்."

"தலையையுமா?"

"தலையைத்தான் முதலில்."

அம்மை அப்படியே தரையில் அமர்ந்தார். யாத்திரைக் களைப்பு என்று ஓதுவார் எண்ணினார். நீர் கொண்டுவரத் திரும்பினார்.

"இருங்கள். நாய்கள் இப்போது எங்கே?"

"இங்கேதான். இந்த முற்றத்தில் படுக்கும், கீழே மேய்ச்சல் காட்டில் திரியும். என் கையால்தான் தயிர்ச்சோறு. அடியாரை ஏற்ற நாய்கள் அல்லவா? அதன் பிறகுதான் அருள் பெருகிற்று. தை பிறந்ததும் ஓர் ஆடு சுற்றத் தொடங்கிற்று. மாசியில் மூன்று. பங்குனியில் இரண்டு. எல்லாம் அவள் பட்டியிலிருந்தே."

"அருள் பெருகிற்று," என்றார் அம்மை.

"ஆம், அம்மை."

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"பொய் சொல்றாருங்க அம்மா. ஆறு இல்லீங்க, ஏழு."

வாசல் தூணோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் சும்மாடு, கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலைப் பெட்டை ஆடு, வயிறு பருத்துச் சினையாக இருந்தது. அதுவும் சுற்றிக்கொண்டிருந்தது.

இடப்புறமாக.

"அவளை உள்ளே விடவில்லையா?"

ஓதுவார் தயங்கினார். "அவளை விடலாம். அந்த ஆட்டைத்தான் விடுவதற்கில்லை. இடம் சுற்றுகிறது, அம்மை. சந்நிதிக்கு எதிரில் இடம் சுற்றுவது நிந்தனை. ஊருக்கு ஆகாது என்று கூட்டம் போட்டுப் பேசிவிட்டார்கள். நாளைக் காலையில் எல்லைக்கல்லுக்கு அப்பால் கொண்டுபோய் வெட்டிப் போடுவதாக முடிவு."

"அவர்களுக்கு அதைச் சொன்னது யார்?"

"கேட்டார்கள். சாத்திரம் என்னவோ அதைச் சொன்னேன்."

"ஏனுங் சாமி," என்றாள் பூவாத்தாள். "இதையும் அதையும் பெத்தது ஒரே தாய்தான். உங்க கயித்துக்குள்ள மூணாவதா நிக்குது பாருங்க, அது இதோட கூடப் பொறந்தது. அந்தப் பக்கம் சுத்துனா அடியாரு, இந்தப் பக்கம் சுத்துனா பாவியா? சினையாட்ட வெட்டுனா அது மட்டும் ஊருக்கு ஆகுமா?"

அவள் அம்மையின் பக்கம் திரும்பினாள்.

"இருவத்தாறு உருப்படி வெச்சிருந்தேனுங்க அம்மா. எட்டு சுத்திருச்சு. மிச்சம் இருக்கறத விடியக்காலம் எந்திரிச்சு ஒண்ணொண்ணா பாக்கறேன், நேரா நடக்குதா, கோணலா நடக்குதான்னு. மத்தத சாமி எடுத்துக்கிட்டாரு, போகுது. இத மட்டும் எனக்குக் குடுக்கச் சொல்லுங்க. எங்கப்பன் மண்டையத் தொட்டுப் பாத்துத் தொறந்து விடுவாரு. எனக்குக் கை பழகல. ஆனாலும் பாக்கறேன். நாளைக்கு வெட்டத்தானே போறாங்க."

அம்மை எழுந்தார். தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார். நான்கு வரி.

"ஓதுவாரே, பேருந்து எப்போது?"

"இன்னும் கால் மணியில்."

"நகரத்துக் கால்நடை மருந்தகத்தில் இதைக் கொடுத்து, அங்கே தருவதை வாங்கி வாருங்கள். வெயில் சாய்வதற்குள் வேண்டும்."

ஓதுவார் தாளைப் பார்த்தார். எழுத்து விளங்கவில்லை, ஆனால் ஊசி, கத்தி என்ற இரண்டு சொற்கள் விளங்கின.

"அம்மை, நான் தடுத்த கத்தியை நானே வாங்கி வருவதா?"

"ஆம்."

அவர் சென்றார்.

மருந்தகத்தில் இளைஞரான ஒரு மருத்துவர் அமர்ந்திருந்தார். ஓதுவார் நீட்டிய தாளை அசட்டையாக வாங்கினார். படித்தார். எழுந்து நின்றார்.

"இதை எழுதியவர் எங்கே இருக்கிறார்?"

"மலையடிவார மடத்தில். எங்கள் குரு."

"எனக்கும்தான்," என்றார் மருத்துவர். "கல்லூரியில் எங்களுக்கு நாய் வயிற்றுப் புழுக்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் போனவர் திரும்பவில்லை. எங்கெல்லாமோ தேடினோம்."

ஓதுவார் திகைத்து நின்றார். எட்டு ஆண்டுகள் அம்மையின் அருகே இருந்திருக்கிறார். துறவுக்கு முன் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டதில்லை. ஏதோ தவம் என்று தாமே எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாய் வயிற்றுப் புழு," என்று பேருந்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளி அமர்ந்தார்.

அவர் திரும்பியபோது, மதிலுக்கு வெளியே வேம்படியில் சாக்கு விரித்திருந்தது. செவலை ஆடு அதன்மேல் கிடந்தது. நெற்றிக்குப் பின்னே உள்ளங்கை அகலத்துக்கு மயிரை வழித்திருந்தார்கள். பூவாத்தாள் அதன் கால்களைப் பிடித்திருந்தாள். மக்கள் மதில் ஓரம் விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தலையை நீங்கள் பிடியுங்கள்," என்றார் அம்மை.

"என் கை நடுங்குகிறது."

"பாடுங்கள். நடுக்கம் குறையும்."

ஓதுவார் தலையைப் பிடித்தார். பாட வாயைத் திறந்தார். ஓர் அடியும் வரவில்லை.

அம்மை தோல் மரத்துப்போக ஊசி போட்டுக் காத்திருந்தார். பின் தோலைக் கீறி விலக்கினார். எலும்பில் ஓரிடம் தேய்ந்து காகிதம்போல் மெலிந்திருந்தது. அதை நகத்தளவு சுற்றி அறுத்து எடுத்தார். துளையில் ஏதோ பிதுங்கிற்று. இடுக்கியால் பற்றி மெல்ல, மிக மெல்ல இழுத்தார்.

வெளியே வந்தது ஒரு நீர்ப்பை.

கோழிமுட்டை அளவு. கறையில்லை, நாற்றமில்லை. அம்மை அதை உயர்த்தியபோது சாயும் வெயில் அதனூடே புகுந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. படிகத்தால் செய்த திருமேனி போல் இருந்தது.

ஓதுவாரின் கைகள் தாமாகக் குவிந்தன.

"கும்பிடாதீர்கள்," என்றார் அம்மை. "உற்றுப் பாருங்கள்."

அவர் குனிந்தார். பையின் உட்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. திருநீறு தெளித்ததுபோல.

"இவை?"

"தலைகள்."

"என்ன தலைகள்?"

"நாடாப்புழுவின் தலைகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தலை. நூற்றுக்கு மேல் இருக்கும். இன்னும் உடம்பு வரவில்லை."

ஓதுவார் பின்வாங்கினார். முதுகு வேம்பில் இடித்தது.

"எப்போது வரும்?"

"நாய் தின்ற பிறகு."

அம்மை பையை ஒரு கிண்ணத்தில் இட்டு மூடினார். துளையைத் துடைத்து, தோலை இழுத்துத் தைக்கத் தொடங்கினார். பேச்சு ஊசியின் போக்கிலேயே வந்தது.

"கல்லூரியில் இதற்கு இரண்டு சொற்கள் சொல்வோம். ஒன்று ஒட்டுண்ணி. ஒட்டி இருந்து உண்பது. மற்றது அதற்கு இடம் கொடுப்பது. அதன் பெயர் ஓம்புயிர்."

"ஓம்புதல் என்றால் பேணுதல்," என்றார் ஓதுவார், பழக்கத்தால். "விருந்தை ஓம்புவது இல்லறத்தின்..." நிறுத்தினார்.

"ஆம். இந்த விருந்துக்கு இரண்டு ஓம்புயிர்கள். நாய் வீடு. ஆடு சத்திரம். நாயின் குடலில் இது வளர்ந்து முட்டையிடும். முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும். புல்லை ஆடு தின்னும். ஆட்டின் குருதியில் ஏறி மூளைக்குப் போய், அங்கே இப்படிப் பையாகக் காத்திருக்கும்."

"நாய்கள் நோயாகத் தெரியவில்லையே. கொழுகொழுவென்று இருக்கின்றன."

"வீட்டை ஏன் இடிக்க வேண்டும்? அங்கேதான் இது வாழ வேண்டும், பெருக வேண்டும். நாய் நீடு வாழ்ந்தால் இதற்கு நல்லது."

"ஆட்டை மட்டும்?"

"சத்திரம் இடிந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும்."

பூவாத்தாள் ஆட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அட," என்றாள் மெதுவாக. "சுத்துன ஆட்டுத் தலையத் தின்னா நமக்கும் சுத்தும்னு, எங்கப்பனும் நாய்க்குத்தானுங்க வீசுவாரு."

ஓதுவாரின் குரல் கீழே எங்கோ இருந்து வந்தது.

"அப்படியானால் என் அடியார் வலம் வந்தது?"

"வந்தது யார் என்கிறீர்கள்?"

"ஆடு."

"ஆட்டுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. மந்தையோடு நின்று மேய்வதுதான் அதன் வேலை. மந்தையை விட்டுப் பிரிந்து, வழி மறந்து, சுற்றி விழுந்து, நாயின் வாய்க்குப் போக வேண்டியது வேறொன்று." அம்மை நூலை அறுத்தார். "அதற்கு நாய்தான் கோயில், ஓதுவாரே."

ஓதுவார் தம் இரு கைகளையும் பார்த்தார். இலை விரித்த கைகள். திருநீறு இட்ட கைகள். தலையை எடுத்து வைத்த கைகள்.

"முதல் ஆட்டுக்கு எங்கிருந்து வந்தது?"

"எங்கோ ஒரு நாய், எங்கோ ஒரு தலை. அது தற்செயல்."

"பிறகு வந்த ஏழும்?"

அம்மை கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவில்லை.

ஒரு நாய், ஐந்தில் மூத்தது, நிழல் தேடி வந்து ஓதுவாரின் காலடியில் படுத்து அவர் பாதத்தை நக்கிற்று. அவர் காலை இழுத்துக்கொண்டார். பிறகு, இழுத்ததற்கு வெட்கியவர்போல, மீண்டும் வைத்தார்.

"மனிதருக்கும் வருமா, அம்மை?"

"அரிது. நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்பவர்களுக்கு எப்போதேனும்."

ஓதுவார் அந்தக் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டார்.

எனினும் அவருக்குள் ஒன்று இன்னும் இணங்கவில்லை. ஐம்பது ஆண்டுப் பழக்கம் ஒரு மாலையில் கழல்வதில்லை.

"ஆனால் அம்மை, இது இடம் சுற்றிய ஆடு. இதில் இருந்தது தீயது, ஒப்புகிறேன். முற்றத்தில் உள்ளவை வலம் அல்லவா சுற்றுகின்றன?"

பூவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மை சினக்கவில்லை. "அவற்றுள் உங்களுக்கு மிக உகந்தது எது?"

"சின்ன அடியார். கோடியில் நிற்கிறது. என் பாட்டுக்குத் தலை அசைக்கும்."

"அழைத்து வாருங்கள்."

அதை அழைத்து வர இயலவில்லை. நான்கு அடிக்கு ஒரு சுற்றுச் சுற்றிற்று. ஓதுவார் அதை ஒரு குழந்தையைப்போல் தூக்கி வந்தார். தூக்கியபோதுதான் அதன் எடை தெரிந்தது. வெறும் தோலும் எலும்பும்.

அம்மை அவருடைய ஆள்காட்டி விரலைப் பற்றினார். ஆட்டின் தலையில், வலக் கொம்படிக்குப் பின்னே வைத்தார்.

"அழுத்துங்கள். மெல்ல."

ஓதுவார் அழுத்தினார்.

எலும்பு உள்ளே போயிற்று. இளநீர் வழுக்கைபோல் மெத்தென்று இறங்கி, விரலை எடுத்ததும் எழும்பிற்று.

அவர் கையை உதறினார். உதறிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றிலேயே பிடித்திருந்தார்.

"பை இடப்பக்கம் இருந்தால் இடமாகச் சுற்றும்," என்றார் அம்மை. "வலப்பக்கம் இருந்தால் வலமாக."

மதிலோரம் ஒரு பெண் விசும்பினாள். அவளும் நாள்தோறும் வந்து தொழுதவள்.

"உங்கள் சொல் இல்லாமல் இந்த ஆறையும் கத்தி தொடாது," என்றார் அம்மை. "இவற்றை இறைவனுக்கு என்று வைத்தவர் நீங்கள்."

"திறந்தால் பிழைக்குமா?"

"இரண்டு, மூன்று பிழைக்கலாம். மற்றவை மிகவும் மெலிந்துவிட்டன. சொல்வதற்கில்லை."

"திறக்காவிட்டால்?"

"சாகும்வரை ஆறும் வலம் வரும்."

ஓதுவார் சின்ன அடியாரைச் சாக்கின்மேல் கிடத்தினார். எழுந்து முற்றத்துக்குச் சென்றார். கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். கைகூப்பி நின்றவர்கள் அவரையே பார்த்தார்கள். அவர் வாழ்நாளெல்லாம் பாடிய குரலில் அல்ல, ஏதோ வழி கேட்பவர் குரலில் சொன்னார்.

"அடியார்கள் அல்ல. நோயாளிகள். நோயைக் கொடுத்தவன் நான். நாளைக்கு எல்லைக்கல்லுக்கு யாரும் போக வேண்டாம். அந்த ஆட்டைப் பற்றி நான் சொன்னது பிழை."

ஒருவர் கேட்டார்: "அப்ப நாங்க கும்பிட்டது?"

ஓதுவார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வேம்படிக்குத் திரும்பினார். ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டார். இம்முறை கை நடுங்கவில்லை.

மறுநாள் காலையில் நகரத்து மருத்துவர் தம் பையோடு வந்து, ஒரு சொல்லும் கேட்காமல், அம்மையின் இடப்புறம் மாணவனைப்போல் நின்றார். நாள் ஒன்றுக்கு இரண்டாக, மூன்று நாளில் மற்ற ஐந்தையும் திறந்தார்கள். ஆறில் நான்கு பிழைத்தன. இரண்டு இறந்தன. இறந்தவற்றுள் ஒன்று சின்ன அடியார்.

இடுப்பளவு குழியை ஓதுவாரே வெட்டினார். நாய்களைக் கட்டிவைத்துவிட்டு, சுண்ணாம்பு கொட்டி, இரண்டு உடல்களையும் தலையோடு புதைத்து, மேலே பாறை உருட்டினார். பதிகம் பாடவில்லை.

நாய்கள் ஐந்துக்கும் மருத்துவர் மாத்திரை கொடுத்தார். புழு கழியும்வரை நாய்களைக் கட்டியே வைக்க வேண்டும், கழிவதை அள்ளி எரிக்க வேண்டும், முற்றத்திலும் காட்டிலும் கிடக்கும் பழையதையும் விடக்கூடாது என்றார். யார் செய்வது என்று அவர் கேட்கும் முன்பே ஓதுவார் மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

நாற்பது நாள் அந்த வேலை நடந்தது. பூவாத்தாள் மேய்ச்சலுக்குப் போகும்போது மதிலோரம் நின்று பார்ப்பாள்.

"ஏனுங் சாமி, நாய்ப் பீ அள்ளறதுக்கு என்ன ராகத்துல பாடோணும்?"

"இன்னும் பிடிபடவில்லை, தாயே."

"பிடிபட்டாச் சொல்லுங்க. எனக்கும் ஆட்டுப்பட்டி கூட்டற வேலை இருக்குது."

செவலை ஆடு நான்காம் நாள் எழுந்து நின்றது. ஒரு கணம் தடுமாறிற்று. பிறகு அது நேராக நடந்தது. வேலியோரம் போய்ப் புல்லைக் கடித்தது. வைகாசியில் இரண்டு குட்டி ஈன்றது. குட்டிகள் நேராக ஓடுகின்றனவா என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

அதன்பின் யாரும் வரவில்லை. பிழைத்த நான்கும் பூவாத்தாளின் மந்தையோடு மலைச்சரிவில் மேய்ந்தன. மேயும் ஆட்டைப் பார்க்க யார் வருவார்கள்?

முற்றத்தில் ஆறு வட்டங்களும் முதல் மழையில் கரைந்தன.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்து, அம்மை தனியே சந்நிதிப் படியில் அமர்ந்திருந்தார். ஓதுவார் கை கழுவிவிட்டு வந்தார். இப்போதெல்லாம் அவர் நெடுநேரம் கை கழுவினார். வந்து, அமராமல், எதிரே நின்றார்.

"அன்று முதல் நான் சந்நிதியை வலம் வரவில்லை, அம்மை."

"பார்த்தேன்."

"கால் எழவில்லை. ஐம்பது ஆண்டுகளாக எத்தனை கோயில் வலம் வந்திருப்பேன். கண்ணீர் பெருக வந்திருக்கிறேன். ஊர் பார்த்து வணங்க வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் நடந்தது நானா? அல்லது என் உள்ளே இருந்துகொண்டு வேறு எங்கோ போகப் பார்க்கும் ஏதோ ஒன்றா?"

அம்மை எழுந்து ஒரு படி மேலே நின்றார்.

"தலையைக் காட்டுங்கள்."

ஓதுவார் தலை குனிந்தார். நரைத்த குடுமியை அம்மை விலக்கினார். விரல் நுனிகளை இடப்பக்கம் வைத்து அழுத்தினார். பின் வலப்பக்கம். பின் உச்சி. ஆட்டுக்குச் செய்ததுபோலவே, அவசரமில்லாமல், ஓரிடத்தையும் விடாமல்.

ஓதுவார் உண்மையாகவே அஞ்சினார்.

"மெத்தென்று இருக்கிறதா, அம்மை?"

அம்மை கையை எடுத்தார்.

"எத்தனையோ ஆடுகளின் தலையைத் தொட்டிருக்கிறேன்," என்றார். "ஒன்றுகூட என்னிடம் இதைக் கேட்டதில்லை."